துணையோடு செய்வார்

ஒரு மருத்துவரின் கைத்திறனைப் பற்றி நான் பொய் எழுதினேன். அவரை என் கண் முன்னாலேயே வைத்துக்கொள்வதற்காக எழுதினேன். இத்தனை வருடங்களாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

நான் செவிலி. குன்னூரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். கொழுந்துக்கு விலை விழுந்து கிடந்த காலம் அது. ஃபாக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடும். தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் பாதி வீடுகளைப் பூட்டிவிட்டு ஆட்கள் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். மருந்து அலமாரியில் என் டிபன் பாக்ஸை வைக்கும் அளவுக்கு இடம் இருந்தது!

ஆஸ்பத்திரியில் டாக்டர் செந்தில்நாதனும் நானும் மட்டும்தான். கோயம்புத்தூர்க்காரர். கோபம் வந்தால்கூட மரியாதையாகத்தான் கோபிப்பார். மழை நாட்களில் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகே நோயாளியின் மார்பில் வைப்பார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் நின்றிருக்கிறேன்... அவருக்கு மணமாகவில்லை. எனக்கும்தான். ஆனால் ‘சிஸ்டர்’ என்பதைத் தாண்டி அவர் என்னை அழைத்ததே இல்லை.

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று, ஆப்பிரிக்கக் கிராமங்களில் பணிபுரியும் தன் தொண்டர்களைக் கவனித்துக்கொள்ள மருத்துவர் தேடியது. அவர் விண்ணப்பித்தார். பட்டங்களைச் சரிபார்த்தார்கள். அது போதாதென்று, இன்னின்ன சிகிச்சைகளை இவர் செய்யலாம் என்று அனுமதி தருவதற்கு முன், கூட வேலை பார்த்த இருவரிடம் ரகசியமாகக் கேட்டார்கள். ஒருவர், அவரோடு இரண்டு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றுக் குன்னூரில் குடியேறிய பெரிய டாக்டர். இன்னொருத்தி நான்.

“நீங்க கண்ணால பார்த்ததை அப்படியே எழுதுங்க சிஸ்டர். எனக்கு அது போதுங்க” என்றார் செந்தில்நாதன்.

அவர்கள் அனுப்பிய படிவத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் எதிரே மூன்று கட்டங்கள். தனியாகச் செய்வார். துணையோடு செய்வார். செய்யமாட்டார். அவர் போகப்போகும் இடத்தில் வேறு டாக்டர் கிடையாது. அதனால் அவசர சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் முதல் கட்டத்தில் குறி விழுந்தால்தான் வேலை.

புறநோயாளிகள் போன ஒரு மதியம் எழுத உட்கார்ந்தேன். தையல், எலும்புக்கட்டு வரை ஒழுங்காகத்தான் குறித்தேன். அடுத்து, மூச்சு நின்றவருக்குத் தொண்டையில் குழாய் இறக்குவது. ஃபாக்டரியில் மயங்கி விழுந்த ஒருவரை அவர் அப்படித்தான் பிழைக்க வைத்தார். அன்று அந்தத் தலையை நிமிர்த்திப் பிடித்தது யார்? டார்ச் அடித்தது யார்? நான்! தனியாகச் செய்தாராம்... அப்படியானால் நான் எங்கே?

இரண்டாம் கட்டத்தில் குறியிட்டேன். அதற்கடுத்த நான்கு வரிகளிலும் அப்படியே.

உண்மையைத்தானே எழுதினாய் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேசலாம். வேண்டாம். தாளின் அடியில் விளக்கம் இருந்தது. துணை என்றால் இன்னொரு மருத்துவரின் மேற்பார்வை. செவிலியின் உதவி அதில் சேராது. இரண்டு முறை படித்தேன். படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டினேன்.

வேலை இல்லை என்று பதில் வந்தது. தனியாக அனுப்பும் அளவுக்கு அவசர சிகிச்சையில் தேர்ச்சி போதாது என்று, உடன் பணிபுரிந்த ஒருவர் கருதுகிறாராம். டாக்டர் செந்தில்நாதன் அந்தக் கடிதத்தை என்னிடமே படித்துக் காட்டினார். “பெரிய டாக்டர்தானுங்க எழுதியிருக்கணும். உங்க மேல எனக்குச் சந்தேகமே வராதுங்க சிஸ்டர்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள் அவர் என்னோடு இருந்தார். எனக்கு அதுதான் வாழ்க்கை! காலையில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். அன்றைய நாள் எனக்கு நிறைந்துவிடும். அவரோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஊசி போடும்போது ஒரு கணம் தயங்குவார், தன் கையைத் தானே நம்பாதவராக. அதையும் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியை மூடியேவிட்டார்கள். அவர் கோவையில் ஒரு மருத்துவமனையில் ஷிப்ட் டாக்டராகச் சேர்ந்தார், கல்யாணமும் செய்துகொண்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எனக்குப் போன் செய்வார். இரண்டு நிமிடம் பேசுவார். அந்த இரண்டு நிமிடத்துக்காக மீதி வருடத்தைக் கடத்துகிறவள் நான். சிரிக்காதீர்கள்.

போன வருடம் பெரிய டாக்டர் இறந்துபோனார். பண்டிகை இல்லாத ஒரு நாளில், முதல்முறையாக நான் செந்தில்நாதனை அழைத்தேன். துக்கத்துக்கு வரமுடியாது என்றார். தன் கையைப் பற்றி அந்த மனிதர் எழுதியதை இன்னும் மறக்க முடியவில்லை என்றார். இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது... சொல்லவில்லை.

நான் மட்டும் போனேன். பெரிய டாக்டரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங் சிஸ்டர், அந்தத் தம்பி வரலீங்களா? எதைக் குடுத்தாலும் தனியாச் செய்வான்னு இவரு எழுதி அனுப்பினாருங்க. கடேசி வரைக்கும் அந்தத் தம்பியக் கேட்டுட்டே இருந்தாரு.”

அவசர கேஸ் ஏதாவது வந்திருக்கும் என்று அந்த அம்மாளிடமும் பொய் சொன்னேன்.

இனியாவது செந்தில்நாதனிடம் சொல்லக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லலாம். செத்துப்போன மனிதருக்கு நியாயம் கிடைக்கும். அவருக்குத் தன் கைமேல் நம்பிக்கை திரும்பும். ஆனால் அதன் பிறகு பொங்கலுக்குப் போன் வராது... அதனால்தான் அவரிடம் சொல்லாமல், என் பெயர்கூடத் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.