நான் அழித்த எண்

கீரனூரிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய், அமெரிக்க டாக்டர்களின் பில்களைச் சரிபார்ப்பது என் வேலை. கிளினிக்கில் காத்திருக்கும் நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு, டாக்டர் அவசரமாக வெளியே போய் ஒருவரைப் பார்த்தால் அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்க பில்லில் தனி எண் உண்டு. மற்றவர்கள் காத்துக் கிடந்ததற்கு ஆதாரம் இல்லையென்றால் அதை அழித்துவிடுவேன். "புளுகுறானுங்க" என்று திட்டிக்கொண்டே அழிப்பேன்.

ஒரு லீவு நாளில், அப்பா சர்க்கரை இறங்கி வீட்டில் மயங்கி விழுந்தார். தெருமுனை கிளினிக் டாக்டர் வியர்க்க விறுவிறுக்க வந்து, ஊசி போட்டு எழுப்பி உட்கார வைத்தார். "கூப்புட்டு எவ்வளவு நேரமாச்சு, இப்பத்தான் வாரீங்களா?" என்று அவரிடம் கத்தினேன். அவர் பையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

மருந்துச் சீட்டு வாங்க அவர் பின்னாலேயே கிளினிக்குக்குப் போனேன். உள்ளே ஏகப்பட்ட கூட்டம். காய்ச்சல் குழந்தையை மடியில் போட்டிருந்த பெண் என்னிடம் சீறினாள்.

"ஒங்க அப்பா உசுரு மட்டுந்தான் உசுரா? எம்புள்ளைக்கு அனலாக் கொதிக்குது. ஒரு மணி நேரமா இங்கிட்டே ஒக்காந்திருக்கோம்!"

இத்தனை நாள் நான் கேட்ட ஆதாரம், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து என்னை முறைத்தது.

மறுநாள் ஆபீஸில் அதே எண் வந்தது. ஆதாரம் எதுவும் இல்லை. விதிப்படி அழித்தேன். திட்டத்தான் வாய் வரவில்லை.