எரிமலையும் எங்கள் பொங்கல் பானையும்

மாமா பார்த்துவிட்டு வந்த எரிமலைக்கு ஒழுங்கான பாதைகூடக் கிடையாது. இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் ஏதோ ஒரு தீவு. படகைவிட்டு இறங்கி, கிராம்புத் தோட்டங்களைத் தாண்டி, முழங்கால் புதையும் கறுப்பு மணலில் ஏற வேண்டுமாம். மாமா அம்மாவின் தம்பி. பாறைகளைப் பற்றிப் படித்தவர். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு பொங்கலுக்கு முதல் நாள் பிரிக்பீல்ட்சில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து, கேமராவில் படம் படமாகக் காட்டினார்.

"பாத்தியா பாப்பா, மேல வாய் ஒரு பக்கம் ஒடஞ்சிருக்கு. எப்ப பொங்கினாலும் நெருப்புக் குழம்பு அந்தத் தாழ்ந்த பக்கமாத்தான் ஓடும். இந்தப் பக்கம் அடிவாரத்துக் கம்பத்துல இருக்கிற ஊர்க்காரங்க ஜாலியா இருக்காங்க லா!"

பக்கத்தில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்த அம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவர் கவலை வேறு. அப்பா அந்த வாரம்தான் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக லோரி ஓட்டத் தொடங்கியிருந்தார். பால் கிழக்கே வழிந்தால் நல்லது என்பது அம்மாவின் நம்பிக்கை. எங்கள் பானையோ வருஷம் தவறாமல் மேற்கே வழிந்து அவர் முகத்தை வாட வைக்கும்.

எனக்குப் பொறி தட்டியது. நாங்கள் பொங்கல் வைக்கும் காரிடரில் தண்ணீர் வடிவதற்காகத் தரையே மேற்கே சரிவு! காலையில் எல்லாரும் கரும்பு கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய நோட்டின் அட்டையை மடித்து, குனிந்துகூடப் பார்க்காமல் அடுப்பின் மேற்குப் பக்கத்து அடியில் செருகிவிட்டு ஓடிவந்தேன்.

பால் கிழக்கே வழியவில்லை, பாய்ந்தது! பானையே சாயப் பார்க்க, மாமா துணியோடு ஓடிப் பிடித்தார். "பொங்கலோ பொங்கல்!" என்று எதிர்வீட்டுச் சீன ஆன்டிகூடக் கத்தினார். அம்மாவுக்குக் கண்ணெல்லாம் நீர்.

"பாத்தீங்களா, கிழக்கேங்க! இனிமே லோரி நல்லா ஓடும்!" என்றார் அப்பாவிடம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அடுப்பை எடுத்தபோது அடியில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது பிஸ்கட் பெட்டியிலிருந்து கிழித்தது. மாமாவின் வேலைதான் என்று முடிவுகட்டி, அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் திருதிருவென்று விழித்தார். என்னமாய் நடிக்கிறார் என்று வியந்துபோனேன்.

இந்த வருஷம் சுபாங் ஜெயாவில் என் புது வீட்டில் முதல் பொங்கல். அம்மா வந்ததும் வாசல் தரையை ஒரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு ஓர் அட்டையைக் கிழித்து மடித்து அடுப்புக்கு அடியில் செருகிவிட்டு, கண்களை மூடிக் கைகூப்பி உருகி உருகி வேண்டிக்கொண்டார்.

"சாமி, எம்மகளுக்குக் கிழக்கே பொங்க வைப்பா."