மணிமொழிக்குப் படித்துக் காட்டாத போர்டு

என் தங்கை மணிமொழிக்கு நானூறுக்கு மேல் டெலிபோன் நம்பர் மனப்பாடம். ஒருமுறை அவள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டில் எனக்குக் கை வலித்து நிறுத்திவிட்டேன். அவள் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்களுக்குச் செங்கம் பக்கம் ஒரு கிராமம். அவள் என்னைவிட ஏழு வயது சின்னவள். 1986இல் ஏழாவது படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள், பார்வை போய்விட்டது. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி போர்டு எழுதக் கற்றிருந்தேன். 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. வேங்கிக்கால் வரைக்கும் புது ஆபீஸ், புதுக் கடை, எல்லாவற்றுக்கும் போர்டு தேவைப்பட்டது. தங்கையையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குக் குடிவந்தேன்.

வந்த முதல் வருஷம் ஒரு டாக்டருக்கு போர்டு எழுதினேன். பேர், படிப்பு, பார்வை நேரம் என்று எழுதி முடித்து, அழகாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எத்தினி மணிக்கு வருவாருன்னு போடலையே ணா" என்றாள். பார்வை நேரம் என்று எழுதியவன் நேரத்தை எழுதவில்லை. அன்றிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டாமல் ஒரு போர்டும் என் கொட்டகையை விட்டுப் போனதில்லை. அவள் தலையாட்டினால்தான் கீழ் மூலையில் 'துரை ஆர்ட்ஸ்' என்று என் பெயரைப் போடுவேன்.

1993இல் கண் தெரியாதவள் என்ற முறையில் அவளுக்கு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போட்டோம். வெளிநாட்டுக்காரர்கள் வாடகை அறைகளில் தங்கும் இடம் அது. எந்த நாட்டுக்கு எந்த நேரத்தில் பேசினால் ஆள் தூங்காமல் இருப்பார் என்பது வரைக்கும் அவள் சொல்லுவாள். என்னிடம் போன் கிடையாது. அதனால் துரை ஆர்ட்ஸ் என்பதன் கீழே அவள் பூத் நம்பரைத்தான் எழுதுவேன். எனக்கு வரும் வேலையெல்லாம் அவள் காது வழியாகத்தான் வரும்.

குளிர்காலத்தில் இங்கே வந்து தங்கும்போதெல்லாம் அந்தப் பூத்துக்கு வாரம் தவறாமல் வந்தவர் ஹெல்கா என்கிற ஜெர்மன்காரம்மா. அவர்கள் நாட்டில் கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்குவது அவருக்குத் தொழில். மணிமொழி ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு தெருநாய்க் குட்டியைப் பழக்கித் தருகிறேன் என்றார். நான் நம்பவில்லை. முதலில் எடுத்த குட்டி குரங்கைக் கண்டால் மரம் ஏறப் பார்த்தது. இரண்டாவது, கிரிவலப் பாதையில் அன்னதானம் போடும் இடங்களிலெல்லாம் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. மூன்றாவதுதான் தேறியது. கேழ்வரகு நிறத்தில் இருந்ததால் மணிமொழி அதற்கு 'கேவுரு' என்று பேர் வைத்தாள். இரண்டு குளிர்காலம் பழக்கினார்கள். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு தோல் தைப்பவரிடம் நானே அளவு கொடுத்து வார்ப்பட்டையும் கைப்பிடியும் தைத்து வாங்கினேன்.

2000ஆம் வருஷம் தை மாதம், என் தங்கை பதினான்கு வருஷத்துக்குப் பிறகு யார் கையையும் பிடிக்காமல் வீட்டிலிருந்து பூத்துக்கு நடந்து போனாள். நான் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். சாக்கடை வந்தால் கேவுரு நிற்கும். படி வந்தால் நிற்கும். மாடு குறுக்கே படுத்திருந்தால் சுற்றிக் கூட்டிப் போகும். பூத் வாசலில் அவள் திரும்பி, "டீ வாங்கியா ணா, பின்னாடியே வந்ததுக்கு" என்றாள்.

பெரிய கோயிலுக்குள் நாய் போகாது. அது எல்லோருக்கும் தெரிந்தது. அவளும் அதற்கு வருத்தப்பட்டதில்லை. கோபுர வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்ளும் ஆராயி அக்காதான் கேவுருவையும் பார்த்துக்கொள்ளும். "செருப்புக்கு ஒரு டோக்கன், இந்தத் தொரைக்கு ஒரு டோக்கன். மாத்திக் குடுத்துட்டா என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லித் தகர வில்லை ஒன்றை அவள் கையில் வைக்கும். உள்ளே நான் கைப்பிடித்துக் கூட்டிப் போவேன். வெளியே வந்ததும் என் கையை விட்டுவிடுவாள்.

இப்போது தருமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரன். ஒன்றாவதிலிருந்து எட்டாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவன். டவுனில் மனை வாங்கி விற்கும் தரகு பார்த்தான். அவனுக்கு ஆபீஸ் கிடையாது. மணிமொழியின் பூத்துதான் ஆபீஸ். யார் கூப்பிட்டார்கள், என்ன சொன்னார்கள், எப்போது மறுபடி கூப்பிடுவார்கள் என்று ஒன்பது வருஷம் அவனுக்கு ஞாபகம் வைத்துச் சொன்னது அவள்தான். "நீ இல்லன்னா நான் இன்னும் ஊர்ல மாடு மேச்சிக்கினு இருப்பேன் மணி" என்பான். "இப்ப மட்டும் இன்னா, மனுசங்கள மேய்க்கிறீங்க" என்பாள் அவள். விழுந்து விழுந்து சிரிப்பான்.

2002க்குப் பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. பூத்துக்கு ஆள் வருவது கம்மியானது. அந்த நேரத்தில்தான் தருமன் செங்கம் ரோட்டில் ஒரு பறவைப் பூங்கா ஆரம்பித்தான். 'கிளிச்சோலை' என்று பேர். பெரிய பெரிய வலைக்கூண்டு, நடுவில் நீரூற்று. கிரிவலம் வரும் வெளியூர்க்காரர்கள் மறுநாள் பிள்ளைகளோடு போக ஓர் இடம் இல்லை, அது அவன் கணக்கு. பூத்தில் வந்து உட்கார்ந்து சொன்னான்:

"மணி, மைக் உனக்குத்தான். காலைல ஒம்போதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். உன் கொரல் கேட்டாதான் எனக்கு பார்க் தொறந்த மாதிரி இருக்கும்."

"கேவுரு?"

"அவன் இல்லாமயா? நீயும் அவனும்தான் மொத டிக்கெட்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு போட்டோக்காரரைக் கூட்டி வந்து, மணிமொழி கைப்பிடியைப் பிடித்தபடி நிற்க, கேவுரு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, படம் எடுத்தான். திறப்பு விழா நோட்டீஸில் அந்தப் படம் முதல் பக்கத்தில் வந்தது. கீழே 'அனைவரும் வருக'. டவுனில் பார்த்தவர்களெல்லாம் என்னிடம் சொன்னார்கள். ஒரு நோட்டீஸை மடிக்காமல் பெட்டியில் வைத்தேன்.

மணிமொழி பறவைகளின் பெயர், எந்த ஊர்ப் பறவை, என்ன தின்னும் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். பூத்திலிருந்து பூங்கா கேட்டுக்கு அறுநூற்று எண்பது அடி நடை. இருபத்தோரு நாள் தினமும் கேவுருவை அந்த வழியில் பழக்கினாள். கேட் வந்ததும் அது தானாக இடப்பக்கம் திரும்பி நிற்கும்.

வாசல் போர்டு என்னிடம் வந்தது. ஆறடிக்கு நாலடி. பார்வையாளர்களுக்கான விதிகள், மொத்தம் பதினொன்று. தருமன் கொடுத்த தாளில் ஏழாவது விதி: 'நாய் முதலிய வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை.'

"டேய் தருமா, ஏழாவதுல கண் தெரியாதவங்க கூட்டிவர்ற நாய் தவிரன்னு ஒரு வரி சேத்துடறேன்" என்றேன். இடம்கூட அளந்து வைத்திருந்தேன். இரண்டு அங்குல எழுத்தில் ஒரு வரி தாராளமாகப் பிடிக்கும்.

"எதுக்குடா? அது ஊர்க்காரங்களுக்கு. நம்ம மணிய யார் கேக்கப் போறாங்க? அப்பறம் ஆளாளுக்கு எனக்கும் கண் தெரியலன்னு நாய இழுத்துக்கினு வருவான். என் வாயால சொல்றேன், பத்தாதா?"

பத்தும் என்று நினைத்தேன். அந்த வரியை விட்டுவிட்டேன்.

போர்டு காய்ந்ததும் வழக்கம்போலப் படித்துக் காட்ட வேண்டும். அன்று சாயங்காலம் அவள் வீட்டில்தான் இருந்தாள். கேவுருவைக் குளிப்பாட்டிக்கொண்டே பறவைப் பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது விதியை என் வாயால் படிக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் தலையாட்டாமலேயே மூலையில் என் பெயரையும் நம்பரையும் எழுதி, வேட்டியால் மூடி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வந்தேன்.

திறந்த அன்று காலை எட்டரை மணி. உள்ளே டிக்கெட் கவுண்டர் பக்கம் கழிப்பறைக்கு அம்புக்குறி வரைந்துகொண்டிருந்தேன். கேட்டில் வாட்ச்மேன் சின்னசாமியின் குரல் கேட்டது.

"நாயெல்லாம் உள்ள வுடக்கூடாதும்மா."

"நான் மணிமொழி. மைக்ல பேச வந்திருக்கேன். தருமண்ணாவக் கேளுங்க."

தருமன் வெள்ளை வேட்டியும் மாலையுமாக வந்தான். பின்னால் விருந்தாளிகள் நின்றிருந்தார்கள்.

"மணி, கோச்சிக்காதம்மா. நேத்து ஒரு தபா வெளிய நாய் கொலைச்சதுக்கே கிளிங்க கூண்டுல முட்டிக்கிச்சி. நீ வா. கேவுருவ வெளிய கட்டு. ஒரு பொண்ணப் போடறேன், கையப் பிடிச்சிக் கூட்டிப்போவும்."

"கேவுரு கொலைக்குமா? ரெண்டு மூணு வருஷமா நீங்க பூத்துல உக்காந்து பிஸ்கெட் போட்டீங்களே, ஒரு நாள் கொலைச்சிதா?"

"எனக்குத் தெரியும்மா. கிளிக்குத் தெரியுமா?"

விருந்தாளிகளில் யாரோ சிரித்தார்கள்.

"நோட்டீஸ்ல அவன் படத்தைப் போட்டீங்களே, தருமண்ணா."

"படம் வேற, பார்க் வேற. காலங்காத்தால ரூல் பேசாத மணி."

"நான் பாத்ரூம் போவணும்னாகூட அந்தப் பொண்ணத் தேடிக் கூப்புடணும். தண்ணி குடிக்கணும்னா கூப்புடணும். இதுக்கா வேலைக்கு வரச் சொன்னீங்க?"

தருமன் சின்னசாமியைப் பார்த்தான். சின்னசாமி, "நான் இன்னாம்மா பண்றது, போர்டுலயே போட்டிருக்குது" என்றார்.

"போர்டா? படிங்க."

அவர் ஏழாவது விதியைப் படித்தார்.

"நல்ல எழுத்தா இருக்குதா?"

"அச்சு மாதிரி இருக்குதும்மா."

"யார் எழுதினதுன்னு கீழ போட்டிருக்கும், பாருங்க."

"துரை ஆர்ட்ஸ்" என்று படித்துவிட்டு, நம்பரையும் படிக்கத் தொடங்கினார். மூன்று எண் படித்தார். மீதி மூன்றை அவள் சொன்னாள்.

நான் பத்தடி தள்ளித் தூரிகையோடு நின்றிருந்தேன். கேவுரு என்னைப் பார்த்துவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு என் பக்கம் இழுத்தது. கைப்பிடி எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்குத் தெரியாதா?

"இங்கதான் இருக்கியா ணா?"

"மணி, அது வந்து, தருமன் சொன்னான்..."

"எல்லா போர்டையும் படிச்சிக் காட்டுவ. இத ஏன் காட்டல?"

அவளே சொன்னாள்: "தெரியாமப் பண்ணியிருந்தா காட்டியிருப்ப."

கேவுருவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அன்றும் பூத்தைத் திறந்தாள்.

மத்தியானம் சாப்பாடு கொண்டு போனேன். வாங்கி வைத்துக்கொண்டு, "இப்பப் படி" என்றாள். பதினொரு விதியையும் மனத்திலிருந்து சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "ஏழாவதுல ஒரு வரி விட்டுப்போச்சி" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஏணியோடு போய் அந்த வரியை எழுதினேன். அளந்து வைத்திருந்த அதே இடத்தில் சரியாகப் பிடித்தது. தருமன் பத்து மணிக்கு முன்பே அதன்மேல் வெள்ளை அடித்துவிட்டான். "தங்கச்சி மேல பாசம் இருக்க வேண்டியதுதான்டா, அதுக்கு என் போர்டுதான் கெடச்சிதா?" என்றான். அதற்குப் பிறகு நான் அவனோடு பேசியதில்லை. ஆனால் அவன் கேட்டபோது அந்த வரியை விட்டுக்கொடுத்தது நான்தான்.

மைக்குக்கு வேறு ஒரு பெண் வந்தாள். பூங்காவுக்குள் தருமன் நிறைய செலவு செய்திருந்தான், வாசலில் போன் நம்பர் எழுத மட்டும் மறந்துவிட்டான். அதனால் வாசலில் இருந்த ஒரே நம்பர் என் பெயருக்குக் கீழே இருந்ததுதான். ரோட்டில் போகிறவர்கள் அதைப் பூங்கா நம்பர் என்று நினைத்துக் குறித்துக்கொண்டு, பூங்காவுக்குக் கிளம்பும் முன் செல்போனில் கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளைக்கு நாலைந்து பேராவது.

நான் பூத்தில் இருந்த ஒரு நாள் அப்படி ஒரு போன் வந்தது. அவள் அந்த மைக்குக்காகப் பழகி வைத்திருந்த குரலில் பேசினாள்.

"வணக்கம். காலை ஒன்பது மணிக்குத் திறப்பாங்க. சாயங்காலம் ஆறு வரைக்கும் பார்க்கலாம். பறவைங்களுக்குத் தீனி போடக்கூடாது. நாய்க்கு அனுமதி இல்லைங்க." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "இல்லைங்க, கண் தெரியாதவங்களுக்கும் இல்லை."

போனை வைத்தாள். "மணி, நான் போய் அந்த நம்பர அழிச்சிட்டு வந்துடறேன்" என்றேன்.

"அழிக்காத. நாயோட கெளம்பி வர்றவங்க வாசல் வரைக்கும் வந்து திரும்பக் கூடாது இல்ல? யாராச்சும் முன்னாடியே சொல்லணும்."

இன்றும் அந்த ரோட்டில் போகும்போது கேட் வந்தால் கேவுரு இடப்பக்கம் திரும்பி நிற்கிறது. "அங்க இல்லடா, நட" என்கிறாள். என் போர்டுகளை இப்போதும் நான் படித்துக் காட்டுகிறேன். கேட்கிறாள். சரி என்றோ தப்பு என்றோ சொல்வதில்லை.