அந்தரத்தில் முடுக்கிய நட்டு

போன வாரம் என் ஷெட்டுக்கு ஒரு கார் வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், துணிக் கூரை. வயது அறுபது இருக்கும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கக் கிளம்பிய கூட்டத்தில் பாதி, என் வாசலில் நின்றுவிட்டது.

எனக்குப் பெருமை. இருக்காதா?

காரை ஓட்டி வந்தவர் ஒரு பெங்களூர் மேடம். வருடத்தில் நாலு மாதம் ரமணாசிரமம் பக்கம் வீடு எடுத்துத் தங்குவார். அந்தக் காரை எனக்குத் தெரியும் — தூரத்தில் நின்று பார்த்த பழக்கம். வழக்கமாக அது போவது செங்கம் ரோட்டு ஏழுமலை ஷெட்டுக்கு.

ஏழுமலை என் சகலை. என் மனைவி செல்வியின் தங்கையைக் கட்டியவன். நானும் மெக்கானிக், அவனும் மெக்கானிக். இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

“ஏழுமலை அவங்க அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போளூர் போயிட்டாரு. ராத்திரிதான் வருவாராம். அவசரம்னா எங்க சகலைகிட்ட போங்க மேடம், என்னைவிட நல்லாப் பாப்பாருன்னு சொன்னாரு” என்றார் மேடம்.

அவன் அனுப்பிய வேலை. பெருமை பாதி இறங்கிவிட்டது.

வண்டிக்கு என்ன? வேகத்தடையில் ஏறினால் பின்னால் கடக் கடக். வளைவில் பின்பக்கம் தனியாக ஒரு திசைக்குப் போகிறது.

“பின்னாடி வேற யாரோ உக்காந்து ஓட்டுற மாதிரி இருக்கு மாஸ்டர்.”

அடியில் படுத்துப் பார்த்தேன். பின் சக்கரம் ஒவ்வொன்றையும் தாங்குவது ஓர் இரும்புப் பட்டை. அதன் இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் இருக்கும். இரும்பும் இரும்பும் மோதாமல் நடுவில் நின்று அடி வாங்குவது அதன் வேலை. இங்கே வாங்கி வாங்கி வெடித்துப் போயிருந்தது. விரல் பட்டதும் வறுத்த கறிவேப்பிலை மாதிரி உதிர்ந்தது.

புது புஷ்களை மேடமே வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். மறுநாள் காலை பெங்களூர் கிளம்ப வேண்டும். அதற்கு அடுத்த நாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம்… செங்கம் ரோட்டில் நடக்கிறவர்களுக்கே இடம் போதாது, காருக்கு ஏது வழி?

“சாயங்காலம் குடுத்துடறேன் மேடம்.”

சொல்லிவிட்டேன். சகலை வருவதற்குள் முடிக்க வேண்டும். மனதில் ஓடியது அது ஒன்றுதான்.

வேலை சுலபமில்லை. பழைய புஷ்ஷின் இரும்பு உறை துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. அடித்தும் வரவில்லை. ரம்பப் பிளேடை உள்ளே விட்டு அறுத்து எடுத்தேன். புதுசுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, வைஸ் இடுக்கியில் வைத்து, கால் சுற்று கால் சுற்றாக ஏற்றினேன். மூன்று மணிக்குப் பட்டை இரண்டும் இடத்தில் உட்கார்ந்தன. நட்டு முடுக்க வேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன்.

ரப்பர் புஷ் போட்டால், கடைசியாக முடுக்கும்போது வண்டியின் பாரம் பட்டை மேல் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது முடுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். பின்பக்கம் உயர்ந்து நிற்கும். புது ரப்பர் சீக்கிரமே கிழியும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனால் அந்தக் கார் தரையோடு தரை. கீழே இறக்கிவிட்டால் அடியில் கை நுழையாது. வண்டிக்குக் கீழே நின்று வேலை பார்க்க ஒரு பள்ளம் வேண்டும். நாங்கள் பிட் என்போம். என்னுடையது வாடகை இடம். தரையைத் தொட ஓனர் விடமாட்டார்.

ஏழுமலை ஷெட்டில் பிட் இருக்கிறது. உள்ளே சிமெண்ட் பூசி, படி வைத்து, லைட் போட்டு… போன வருடம் அதற்குப் பூஜை நடந்தது. போய் வந்த நாளிலிருந்து செல்விக்கு அதே பேச்சு.

“தங்கச்சி வீட்டுக்காரர் நின்னுக்கினே வேலை பாக்குறாரு. நீங்க இன்னும் சாக்கு விரிச்சிப் படுத்துக்கினு கெடக்குறீங்க.”

வண்டியை அங்கே கொண்டுபோனால் பத்து நிமிட வேலை. அவன் இல்லாவிட்டாலும் அவன் ஆள் திறந்துவிடுவான். இல்லையென்றால் மரக்கட்டை அடுக்கிச் சக்கரங்களை அதன் மேல் ஏற்றி, இங்கேயே செய்யலாம். அதற்கு நேரம் ஜாஸ்தி.

நான் இரண்டும் செய்யவில்லை. அந்தரத்தில் தொங்கவிட்டே முடுக்கினேன். அவன் பள்ளத்தில் போய் நானா நிற்பது?

ஐந்து மணிக்கு மேடம் வந்தார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. சந்தோஷமாகக் கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார். நான் பின்னாலிருந்து பார்த்தேன். காரின் பின்பக்கம் இரண்டு விரல் அளவு தூக்கி நின்றது. அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை டீ குடிக்கப் போகிறேன் என்றேன்.

“செங்கம் ரோட்டுக்கா? இன்னாத்துக்கு? இங்க டீ விக்கறதில்லையா?” என்றாள் செல்வி.

பைக்கை எடுத்தேன். மேடத்தை நிறுத்திச் சொல்வேனா, வண்டி போவதைச் சும்மா பார்த்துவிட்டு வருவேனா? எனக்கே தெரியாது.

நான் போகும்போதே பச்சைக் கார் ஏழுமலையின் பிட் மேல் நின்றது. எதிர் டீக்கடையின் ஓரத்தில் நின்றுகொண்டேன். ரோட்டில் வண்டி இல்லாதபோது பேச்சு தெளிவாகக் கேட்டது.

“நேத்தே உங்க சகலை எல்லாம் முடிச்சிட்டாரே, ஏழுமலை?” — காருக்குள் உட்கார்ந்திருந்த மேடம்.

“முடிச்சிட்டாரு மேடம். கடைசி டைட் மட்டும் வண்டி பாரத்துல பண்ணணும். அவருகிட்ட பிட் இல்ல. ராத்திரியே எனக்கு ஃபோன் பண்ணிட்டாரு — காலையில மேடம் அந்த வழியா வருவாங்க, நிறுத்திப் பாத்துடு சகலைன்னு. வண்டியைக் கொஞ்சம் குலுக்குங்க… அவ்ளோதான்.”

நான் யாருக்கும் ஃபோன் பண்ணவில்லை.

ரோட்டில் போன காரின் பின்பக்கத்தை ஒரே பார்வை பார்த்து நிறுத்தியிருப்பான். எல்லாம் புரிந்திருக்கும். என் பேரைக் காப்பாற்ற உடனே ஒரு பொய்… அதுவும் எவ்வளவு அழகான பொய்!

பிட்டிலிருந்து ஏறி வந்தவன் என்னைப் பார்த்துவிட்டான்.

“வா சகலை, டீ சாப்டியா?”

வேறு வழியில்லை. ரோட்டைத் தாண்டிப் போனேன். மேடம் சிரித்தார்.

“தேங்க்ஸ் மாஸ்டர். ஞாபகமா ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கீங்களே.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஏழுமலை ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“ஃபோன் பண்ணல மேடம்” என்றேன். “தப்பா டைட் பண்ணிட்டேன். தெரிஞ்சேதான் பண்ணேன்.”

“ஏன்?”

“இங்க வர்றதுக்கு மனசு வரல.”

மேடம் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன்.

“எங்க வீட்லயும் ரெண்டு சகலை இருக்காங்க. ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருத்தர் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவாரு.”

சிரித்துக்கொண்டே காரைக் கிளப்பினார். சிரிப்பு அடங்கியதும் ஒன்று சொன்னார்.

“அடுத்த தடவை தெரிஞ்சே தப்புப் பண்ணாதீங்க மாஸ்டர். அதை ஓட்டிட்டுப் போறது நான்தான்.”

கார் செங்கம் பக்கம் போனது. பின்பக்கம் இப்போது படிந்து, சரியாக நின்றது.

“நீ ஏன் சொன்ன? நான்தான் சமாளிச்சிட்டேன்ல?” என்றான் ஏழுமலை.

“நீ ஏன் பொய் சொன்ன?”

“புஷ் ஒண்ணு ஒண்ணும் அவ்ளோ சுத்தமா ஏத்தியிருக்க சகலை. என் கைக்கு அது வராது. ஒரு நட்டுக்காக உன் பேரைக் கெடுக்கச் சொல்றியா?”

அவன் நீட்டிய டீயை வாங்கிக் குடித்தேன்.

உண்மையைச் சொன்னால் பொறாமை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஜாஸ்திதான் ஆகியிருக்கிறது. கூடப் பிழைக்கிறவன் இவ்வளவு நல்லவனாக இருந்தால்… மனுஷன் என்னதான் செய்வான், சொல்லுங்கள்?