சீவி முடித்த தலை

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் என் மகள் சீப்போடு வந்து நிற்பாள். "பரட்டைத் தலையோட வராதம்மா, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க" என்பாள். நான் தலையைத் தொட விடமாட்டேன். வீட்டில் கட்டி நைந்த சேலைதான். பொட்டு கிடையாது, பவுடர் கிடையாது. கல்யாண வீட்டுக்கு என்னைப் போல் சிங்காரித்துக்கொண்டு போகிறவள் எங்கள் தெருவிலேயே இல்லை. டாக்டரிடம் போகும்போது மட்டும் நான் நோயாளியாகத் தெரிய வேண்டும். வயதான கிறுக்கு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். கிறுக்கு இல்லை, கோபம். போடியில் ஒரு டாக்டர் என் மதினியின் சீவி முடித்த தலையை மட்டும் பார்த்துவிட்டு, உடம்பைப் பார்க்காமலே திருப்பி அனுப்பினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

மதினி என் அண்ணன் மனைவி. எழுபதுகளின் கடைசியில் அவர்கள் இரண்டு பேரும் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். நான் போடியில் வாழ்க்கைப்பட்டு, ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் மதினியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தலையில் சாக்கு முக்காடு, காலில் அட்டை கடித்த தழும்பு, நகக்கண்ணெல்லாம் காயின் கறை. ஆனால் மலைக்காரர்கள் கீழே இறங்குகிற நாளில் அடையாளமே தெரியாது. அவர்களுக்குக் கீழே என்றால் போடிதான். அதற்கென்றே டிரங்குப் பெட்டியில் ஒரு சேலை மடித்துக் கிடக்கும். சந்தைக்கோ, சாவு வீட்டில் துட்டி கேட்கவோ, ஆஸ்பத்திரிக்கோ, எதற்கு இறங்கினாலும் குளித்து, எண்ணெய் வைத்து, பூ வைத்துத்தான் இறங்குவார்கள். காட்டு அழுக்கோடு ஊருக்குள் கால் வைப்பது அங்கே எல்லாருக்கும் மானக்கேடு. அது மினுக்கு அல்ல. எதிரே இருக்கும் மனிதருக்குக் கொடுக்கிற மரியாதை.

அன்றைக்குக் காலையில் ஜீப்பிலிருந்து இறங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டே என் வீட்டுக்கு வந்தாள். வலது பக்க அடிவயிறு. விடிந்ததிலிருந்து இரண்டு தடவை வாந்தி. "வாங்க மதினி, இப்படியே போயிட்டு வந்துருவோம்" என்றேன். கேட்கவில்லை. ஜீப்பில் வந்ததில் தலை கலைந்துவிட்டதாம். என் சீப்பை வாங்கி, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வகிடெடுத்தாள். நடுவில் வலி வந்தபோது சீப்பு தலையிலேயே நின்றது. போனதும் மறுபடி சீவினாள். "ஏத்தா, இந்தக் கோலத்தோட போனா பெரிய டாக்டரு கிட்டவே சேக்க மாட்டாரு" என்றாள். எலுமிச்சம்பழத் தோலால் நகத்தைத் தேய்த்துக் கறையை எடுத்தாள். ஒரு துணுக்குப் பூவும் வைத்துக்கொண்டாள்.

அந்த டாக்டருக்கு ஊரில் நல்ல பேர், கைராசிக்காரர் என்பார்கள். எங்கள் முறை வந்து உள்ளே போனோம். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி கிடந்தது. உட்கார் என்று சொல்லவில்லை, அதனால் மதினி உட்காரவில்லை. அவர் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, சினிமாவுக்குப் போற வழியில வந்தியா?" என்றார். மதினி வலியைச் சொன்னாள். "மலையிலிருந்துதானே? லீவுக்குச் சீட்டு வேணும், அதுக்கொரு வயித்து வலி. தினமும் பாக்குறேன்" என்று எழுத ஆரம்பித்துவிட்டார். "அய்யா, சீட்டெல்லாம் வேணாங்கய்யா. தொட்டாலே உசிரு போகுது" என்றாள் மதினி. "அப்ப தொடாத" என்றார் அவர். கம்பவுண்டர் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், ஒரு தடவை அமுக்கிப் பாருங்க சார்" என்றேன். என்னைப் பார்க்காமலே மணியை அடித்தார். அடுத்த ஆளாக ஒரு கமிஷன் கடைக்காரர் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்று முக்காலியைக் காட்டினார்.

ஓர் ஊசியும் ஒரு பாட்டில் மிக்சரும்தான் கிடைத்தது. ஊசியில் வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. இங்கேயே இருங்கள் என்று நான் கெஞ்சியும், "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரு. புள்ளை தேடும்த்தா, வெரசாப் போறேன்" என்று சாயந்தர ஜீப்பிலேயே ஏறிவிட்டாள். மறுநாளும் ஊரே மெச்சும் அந்த டாக்டர் சொன்னதை நம்பி, மிக்சரைக் குடித்துக்கொண்டு காயெடுத்திருக்கிறாள். அதற்கு மறுநாள் காட்டிலேயே சுருண்டு விழுந்தாள்.

அண்ணன் அவளை ஜீப்பில் கிடத்திக் கொண்டுவந்தபோது சேலையெல்லாம் சேறு, தலை அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. வயிறு கல்லாக இறுகிவிட்டது, உடம்பு கொதித்தது. அவசரத்துக்குப் பக்கத்தில் வேறு டாக்டர் இல்லாததால் அதே டாக்டரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். இப்போது எழுந்து வந்தார். இப்போது வயிற்றைத் தொட்டார். தொட்டதும் அவர் முகம் மாறியது. உடனே எங்கள் மேல் பாய்ந்தார். "குடல்வால் வெடிச்சுக் கெடக்கு. இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? மலைக்காரங்களே இப்படித்தான், முத்த விட்டுத்தான் தூக்கிட்டு வருவீங்க!"

"முந்தாநாள் இங்கதான சார் வந்தோம்" என்றேன். "யாரு, இவளா?" என்று மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை. மதினி கண்ணைத் திறந்தாள். அவிழ்ந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மன்னிச்சுக்கங்கய்யா, தலைகூடச் சீவல" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கார் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது மதினி போய்விட்டாள். அப்போது அவள் பிள்ளைக்குப் பால்குடிகூட மறக்கவில்லை.

போன வாரம் எனக்கு வயிற்று வலி. வழக்கம்போல் பரட்டைத் தலையோடு தேனிக்குப் போனேன். சின்ன வயசு டாக்டர், பெண்பிள்ளை. என்னைப் படுக்கவைத்து, குளிர்ந்திருந்த கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு, "இங்க வலிக்குதாம்மா? இங்க?" என்று மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரொம்ப வலிக்குதா என்று அந்தப் பெண் பதறினாள். வலியில் வந்த அழுகை இல்லை. இவ்வளவுதானா வேலை? இந்த ஒரு நிமிஷத்தைத்தானா அந்த ஆள் என் மதினிக்குக் கொடுக்கவில்லை?

வெளியே வந்ததும் மகள் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினாள். "அதான் நல்லாப் பாத்துட்டாங்கள்ல, இப்பவாவது சீவிக்கம்மா." ஸ்கேன் எடுக்க மாடிக்குப் போக வேண்டும், அங்கே வேறு டாக்டராம். அவர் எப்படிப்பட்டவரோ. "உள்ள வையி. எல்லாம் முடியட்டும், வீட்டுல போய்ச் சீவிக்கிறேன்" என்றேன்.