அட்டையின் கடைசி வரி

எங்கள் காலனியின் மோட்டார் ரூம் கதவில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பனியன் பெட்டியை வெட்டி, அதன் உள்பக்கத்தில் காலனிச் சங்கத்தின் விதிகளைச் செயலாளர் அண்ணன் கறுப்பு மார்க்கரால் எழுதியிருந்தார். முதல் வரி: 'அடுப்பெரியும் வீட்டுக்கு ஒரு கை.' சொந்த வீடோ வாடகை வீடோ, கூட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஓர் ஓட்டு என்று அர்த்தம். கடைசி வரி: 'இதில் எதை மாற்றினாலும் எல்லா வீடும் கூடித்தான் மாற்ற வேண்டும்.'

வேலம்பாளையத்தில் வாடகைக்கு வந்த எனக்கு அந்த அட்டை பெரிய தைரியம். அதற்கு முன் இருந்த இடத்தில் குடத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் முகத்தையே பார்த்து நின்றவள் நான். இங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் வந்தது. அண்ணன் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், சொந்த வீட்டுக்காரர். ஆனாலும் கூட்டத்தில் நாங்கள் பின்னால் ஒதுங்கினால், "முன்னால வாங்க, உங்க ஊட்லயும் அடுப்பு எரியுதுல்லீங்க?" என்பார். நான் அப்போதும் சுவரோரம்தான். கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நாளெல்லாம் வாய் திறக்காமல் நின்று பழகிவிட்டது.

கம்பெனிகளில் ஷிப்மெண்ட் என்றால் ஞாயிறும் வேலை. அட்டையில் எழுதியிருந்த மோட்டார் போடும் நேரத்தை மாற்றக்கூட ஆள் சேராமல் மூன்று ஞாயிறுகள் போயின. நான்காவது ஞாயிறு அண்ணன் சொன்னார்: "எல்லாரும் கூடறதுக்கு ஆவறதில்லீங்க. விதிய மாத்தற பொறுப்பக் கமிட்டிக்கு விட்ருங்க. நாங்க ஏழு பேர் பாத்துக்கறோம்." ஏழு பேரும் சொந்த வீட்டுக்காரர்கள் என்று அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு மதுரை அக்கா, "சட்டுனு முடிங்கண்ணே, அடுப்புல கறி தீயுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கைகள் உயர்ந்தன. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் கை தூக்காத நான் அன்று தூக்கினேன். "அட, அம்மிணியே தூக்கிருச்சு, அப்புறமென்ன!" என்றார் அண்ணன். எனக்கு வெட்கமாக இருந்தது; பெருமையாகவும் இருந்தது. கடைசி வரியில் 'எல்லா வீடும்' என்பதன் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி, 'கமிட்டி' என்று எழுதினார்.

அடுத்த மாதம் முதல் வரியிலும் ஒரு ஸ்டிக்கர் ஏறியது. 'சொந்த வீட்டுக்கு ஒரு கை.' கோடை வந்து தண்ணீர் குறைந்ததும், வாடகை வீடுகளுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை என்றாகிவிட்டது.

நான் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "ஏனுங்கண்ணா, எங்க ஊட்ல அடுப்பு எரியலீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "விதிப்படிதான் நடக்குது அம்மிணி. நீயுந்தான கை தூக்குன?" என்றார். எப்போதும் பேசும் அதே மெதுவான குரல். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யாரும் எதையும் திருடவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. விதியை மாற்றும் உரிமையை நாங்களே கொடுத்திருந்தோம். அதைக் கொடுத்தால் மற்ற எல்லாமும் கூடவே போய்விடும் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அன்றே தெரிந்திருந்ததா? இன்றுவரை கேட்கவில்லை.

போன வாரம் மோட்டார் ரூமுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அட்டையைக் கழற்றிக் குப்பையோரம் போட்டிருந்தார்கள். எங்களுக்குத் தண்ணீர் வரும் நாள் அது. குடத்தை இறக்கிவிட்டுக் கடைசி வரியின் ஸ்டிக்கரை நகத்தால் பெயர்த்தேன். அட்டையின் மேல்தாளும் சேர்ந்து உரிந்து வந்தது. 'எல்லா வீடும்' அட்டையில் இல்லை. என் கையிலிருந்த ஸ்டிக்கரின் பசையில் ஒட்டியிருந்தது.