பகலில் கண்மூடாத லோகநாதன்

ஆரணியில் மத்தியானச் சாப்பாடு முடிந்தால் எங்கள் தெருவில் தறிச் சத்தம் அடங்கிவிடும். ஒரு மணி நேரம் எல்லோரும் கட்டையைச் சாய்ப்போம். லோகநாதன் வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். காய்ச்சல் அடித்தாலும் அவன் பகலில் கண்மூடி நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நான், எனக்குத் தெரியாமல் போகாது.

தெருவில் அவனுக்கு வைத்த பெயர் 'தூங்குமூஞ்சி நேவி'. வைத்தவர்களில் நானும் ஒருவன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுபதாம் வருஷம் அவன் கடற்படையில் சேர்ந்தான். பட்டில் ஓர் இழை அறுந்தாலும் எட்ட நின்றே கண்டுபிடிக்கிற கண் அவனுக்கு. ரேடார் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மேற்குக் கடலோரம், ஒரு குன்றின்மேல் கடற்படைக் கண்காணிப்பு நிலையம். இருட்டறையில் வட்டத் திரை. கடலில் எது வந்தாலும் அதில் ஒரு புள்ளியாகத் தெரியும். தெரிந்த உடனே மேலே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எதிரி துறைமுகத்துக்குள் வந்து நிற்பான். அங்கே அவனோடு வேலை பார்த்தவன் தேவிகாபுரத்து ஜெயவேல். நம்ம ஜில்லாக்காரன் என்று லோகநாதன் அவன்மேல் உயிரையே வைத்திருந்தான்.

திரைமுன் யார் உட்கார்ந்தாலும் பேரையும் மணியையும் நோட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். நம் வீட்டுத் தறியில் அப்படியா? ஒருத்தர் சாப்பிட எழுந்தால் இன்னொருத்தர் தறிக்குழியில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து நெய்வார். எந்த முழம் யார் நெய்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் இந்த மடையனை அங்கேயும் விடவில்லை. எழுபத்துநாலில் ஒரு மத்தியானம், ஜெயவேலை உட்காரவைத்துவிட்டு, நோட்டில் எதுவும் எழுதாமல் சாப்பிடப் போனான். இருபது நிமிஷம்.

அந்த இருபது நிமிஷத்தில்தான் புள்ளி வந்தது. ஒத்திகைக்காக நம் கப்பல் ஒன்றே எதிரிபோல் வந்திருக்கிறது. நிலையத்திலிருந்து யாரும் வாய் திறக்கவில்லை. கப்பல் கரைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

விசாரணையில் லோகநாதன் நடந்ததை நடந்தபடி சொன்னான். ஜெயவேலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நோட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிவிட்டான். காவலில் தூங்கினான் என்று எழுதி லோகநாதனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் சொன்ன கதையை இங்கேயும் யாரும் நம்பவில்லை. கல்யாணமாகி வந்த கற்பகம், தெருவில் அந்தப் பட்டப்பெயரைக் கேட்டுவிட்டு ஒரு தடவை விசாரித்தாள். முழுக்கதையும் சொன்னான். "சரி" என்றாள். நம்பியவள் சொல்கிற சரி இல்லை அது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஊர் எப்படியோ போகட்டும், அவள் ஒருத்தி நம்பினால் போதும் என்று என்னிடமே எத்தனையோ முறை புலம்பியிருக்கிறான். பத்து வருஷமாக அவனுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை.

எண்பத்தாறில் ஜெயவேல் பென்ஷனோடு ஊர் திரும்பினான். தங்கை கல்யாணத்துக்குப் பட்டெடுக்க ஆரணிக்கு வந்தவன், என்ன துணிச்சலோ, லோகநாதன் வீட்டு வாசலில் வந்து நின்றான். நானும் அங்கேதான் இருந்தேன். லோகநாதன் சண்டை போடவில்லை. காபி கொண்டுவந்த கற்பகத்தை அங்கேயே நிற்கச் சொன்னான்.

"ஜெயவேலு, அன்னிக்கி திரைக்கு முன்னால யாரு உக்காந்துகினு இருந்தது? இவகிட்ட சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஜெயவேல் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அண்ணி, இவரு மேல தப்பு இல்லீங்க. களைப்புல கண்ணசந்துட்டாரு, அவ்ளோதான். யாருக்கும் வர்றதுதான்."

பரிந்து பேசுகிறானாம், பாவி. லோகநாதன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கற்பகத்துக்குக் கோபம்கூட வரவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமில்ல. நான் என்னா சொல்லிடப் போறேன்?" என்று புருஷனைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஜெயவேலை பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். நான் கேட்காமலே அவன் சொன்னான்.

"நான்தாங்க உக்காந்திருந்தேன். மீன் புடிக்கிற போட்டுன்னு நெனச்சிட்டேன். இப்ப சொன்னா பென்ஷன் போயிடுங்க."

வந்து அவளிடம் சொல் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டுத் தேவிகாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டான். நாலு அறை அறைந்திருக்க வேண்டும், செய்யவில்லை. ஓட்டமாகத் திரும்பி வந்து கற்பகத்திடம் அப்படியே சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவரு சொல்லச் சொன்னாராண்ணே?"

என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். "சரிண்ணே" என்றாள். அதே சரி. கூடத்தில் தறிக்குழியில் உட்கார்ந்திருந்த லோகநாதனுக்கும் அது கேட்டது.

மறுநாள் மத்தியானம் தெரு அடங்கியது. லோகநாதன் வீட்டுத் தறிச் சத்தமும் கேட்கவில்லை. பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். தறிக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்து அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.